ஏடு சொல்லாத பங்கு

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர் அறுபது வயதில் மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். 1998-க்கு முன்னால் என்றால் ஐம்பத்தெட்டு வயதிலேயே. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கிறது. முழங்கால் தேய்ந்து கோயிலுக்கு நடக்க முடியாமல் போன பிறகு, முதல் வெள்ளிதோறும் அவர் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருகிறார் பங்குச் சாமியார். அந்தச் சாமியாருக்கும் எழுபது தாண்டியிருக்கலாம். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனாலும் அவர் இன்னும் பணியில் இருக்கிறார்.

திருச்சியின் கிழக்கு ஓரத்தில், தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டிய அரியமங்கலம், பொன்மலைப் பகுதிகளில் இது புதுமையான காட்சி அல்ல. பழகிப்போனதாலேயே யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. பங்குத்தந்தையைப் பற்றி அச்சாகும் பக்கங்களைப் புரட்டினால் வெள்ளிவிழா மலரும் கட்டடத் திறப்பு விழாவும்தான் மிகுதி. எந்த ஆண்டு கோபுரம் எழுந்தது, எந்த ஆண்டு கெபி கட்டப்பட்டது என்றெல்லாம் எழுதப்படுகிறது. எழுபது வயதுக் குரு ஒருவரின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிகிறது என்பதற்கு அங்கே இடமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள்தான் ஒரு பங்கின் உண்மையான வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குருவின் ஓய்வு வயது எழுபத்தைந்து என்பது அண்மைக் காலத்து ஏற்பாடு. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்குக்குருவுக்கு வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. முதுமையால் பணியைச் சரிவரச் செய்ய முடியாத பங்குக்குருக்கள் தாமாகவே விலக முன்வர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த வேண்டுகோளுக்கு எழுபத்தைந்து என்ற எண்ணைக் கொடுத்தார். 1983-இல் வந்த இன்றைய சட்டத் தொகுப்பின் 538-ஆம் சட்டம் அதையே பின்பற்றுகிறது. எழுபத்தைந்து நிறைந்ததும் பங்குத்தந்தை விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். அதை ஏற்பதா, சற்றுத் தள்ளிவைப்பதா என்று ஆயர் முடிவு செய்கிறார். விலகியவருக்குத் தக்க பராமரிப்பும் தங்குமிடமும் தருவது ஆயரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இந்த வட்டாரத்தின் சமயப் பணி வரலாற்றைப் படித்தவர்களுக்கு எழுபத்தைந்து என்ற எண்ணே வியப்பைத் தரும். இந்தப் பகுதியும் அடங்கியிருந்த மதுரை மிஷனில் குருக்கள் கிழவர்களானது அபூர்வம். ஒடுக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையிலிருந்து 1837-38 வாக்கில் இங்கே வந்த முதல் பிரெஞ்சுக் குருக்கள் நால்வர்: பெர்த்ராந்த், கார்னியே, மர்த்தேன், து ராங்கே. பத்தாண்டு முடிவதற்குள் அவர்களில் மூவர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். காலராவும் காய்ச்சலும் ஓயாத பயணமும் அடுத்தடுத்து வந்த இளங்குருக்களையும் வாரிக்கொண்டு போயின. பெர்த்ராந்த் பிரான்சுக்குத் திரும்பியதால் முதுமை கண்டார். 1887-இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக இருந்த அலெக்சிஸ் கனோஸ் 83 வயதுவரை வாழ்ந்து 1888-இல் இறந்தார். அவர் ஒரு விதிவிலக்கு. அந்தப் பிரெஞ்சுக் குருக்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், நோயாளிகளைச் சந்திப்பது முதல் ஏழைகளிடம் பேசுவது வரை உபதேசியார்கள் ஒழுக வேண்டிய முறையை ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலாக எழுதினார். குருக்கள் குறைவு, வழி தூரம், வாழ்நாள் நிச்சயமில்லை. பங்கைத் தாங்கியவர்கள் உள்ளூர் உபதேசியார்களே. குரு வந்து போகிறவராக இருந்தார்.

இன்று இது தலைகீழாகிவிட்டது. குரு ஊரிலேயே குடியிருக்கிறார், நெடுநாள் வாழ்கிறார், சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் வேலை செய்கிறார். பழைய உபதேசியார் முறை பல இடங்களில் தேய்ந்துவிட்டது. இந்த மாற்றத்தின் பாரம் எங்கே இறங்கியிருக்கிறது என்பதை அவருடைய காலைப்பொழுதிலேயே காணலாம்.

விடியும் முன்பே விழிப்பு. காலைத் திருப்பலிக்கு முன்னால் கட்டளைச் செபம், அதாவது நான்கு வாரச் சுழற்சியில் திருப்பாடல்களைச் சொல்லும் திருப்புகழ்மாலை. கண்புரை அறுவைக்குப் பிறகு பெரிய எழுத்துப் புத்தகம் தேடும் குருக்கள் உண்டு. இப்போது பலர் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். கோயில்பிள்ளை மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சக்கிறீஸ்து எனும் உடை அறையில் பூசை உடையை எடுத்து வைக்கிறார். பூசைக்கு வருபவர்களில் பாதிப்பேர் குருவின் வயதுக்காரர்கள். வார நாள் பூசை முதியவர்கள் முதியவரோடு சேர்ந்து செய்யும் செபமாக ஆகிவிட்டிருக்கிறது.

திருச்சபைச் சட்டம் வறண்ட நூல் என்று பெயர் வாங்கியது. முதிய உடம்பைப் பற்றி அது பேசும் இடங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிற்க முடியாத நோயுற்ற அல்லது முதிய குரு உட்கார்ந்தபடியே திருப்பலி நிறைவேற்றலாம், மக்களோடு நிறைவேற்ற ஆயரின் அனுமதி வேண்டும் என்கிறது 930-ஆம் சட்டம். பார்வை இழந்தவருக்கும் அங்கே வழி சொல்லியிருக்கிறது. நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உண்ணாநோன்பு என்ற விதியிலிருந்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் 919-ஆம் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குரு இடையில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். 1953-க்கு முன்னால் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அந்த விதி இன்றும் இருந்திருந்தால், சர்க்கரை நோயுள்ள எழுபது வயதுக் குரு ஞாயிறு காலை இரண்டாவது பூசையில் பீடத்தின் முன்னாலேயே மயங்கி விழுந்திருப்பார். பெரிய வெள்ளியின் உண்ணாநோன்புக் கடமையும் அறுபதாம் வயது தொடங்குவதோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் முதிய குருக்களில் பலர் அந்த நோன்பை விடுவதில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் சமையல்காரம்மாவுக்கு இது தீராத கவலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூசையைத் தம் பங்கு மக்கள் அனைவருக்காகவும் பங்குக்குரு ஒப்புக்கொடுக்க வேண்டும். அதற்குக் காணிக்கை வாங்கக் கூடாது. மற்றபடி பூசைக் கருத்துக்காக மக்கள் தரும் காணிக்கையில், எத்தனை பூசை வைத்தாலும், கிறிஸ்துமஸ் தவிர எந்த நாளிலும் ஒன்றை மட்டுமே அவர் தமக்கென வைத்துக்கொள்ளலாம். மறைமாவட்டக் குருவின் பொருளாதாரம் வெளியே சரியாகத் தெரிவதில்லை. துறவற சபைக் குருக்களைப் போல அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மணத்துறவுக்கும் ஆயருக்குக் கீழ்ப்படிதலுக்கும்தான் வாக்குக் கொடுக்கிறார். ஆகவே சொத்து வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் மாதப்படியில் சேமிப்பு என்று என்ன மிஞ்சும்? வயதானபின் அவர் மறைமாவட்டத்தின் கையை எதிர்பார்த்தே நிற்கிறார். முதுமையிலும் நோயிலும் குருக்களுக்குப் போதிய உதவி கிடைக்க வேண்டும் என்று 281-ஆம் சட்டம் சொல்கிறது. பணிமனை ஃபிட்டருக்கு அது பென்ஷன் புத்தகத்தில் எழுதப்பட்ட உரிமை. குருவுக்கு அது மறைமாவட்டத்தின் வசதியையும் மனத்தையும் பொறுத்தது. இந்த வேறுபாடு பேசப்பட வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேல் அலுவலறை. இங்கேதான் பதிவேடுகள் இருக்கின்றன. திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று மூன்று ஏடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும். பழைய பங்குகளில் 1960-களுக்கு முந்தைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும். பிறப்புப் பதிவு சீராக இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்வதற்கும் வேலைக்குச் சேர்வதற்கும் இந்த ஏட்டிலிருந்து எடுத்த சான்றிதழே வயதுக்கு ஆதாரமாக இருந்தது. ரயில்வேயில் சேர்ந்த எத்தனையோ பேரின் பிறந்த தேதி ஒரு குருவின் கையெழுத்திலிருந்து கிளம்பியது. திருமணத்தில் அவர் அரசின் கண்ணுக்கும் ஒரு பதிவாளர். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, தாம் நடத்திய திருமணங்களின் விவரத்தைக் கத்தோலிக்கக் குரு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது.

திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் சிறு குறிப்புகள் இருக்கும். இந்தக் கோயிலில் திருமுழுக்குப் பெற்றவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும், அங்குள்ள குரு இங்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். இங்கிருப்பவர் அந்தப் பெயருக்கு எதிரே குறித்துவைக்க வேண்டும். பெங்களூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அப்படிக் கடிதம் வருகிறது. குழந்தையாக இங்கே தூக்கி வரப்பட்டவள் எங்கோ மணப்பெண்ணாகிவிட்டாள் என்பது ஒரு வரியில் பதிவாகிறது. அந்த வரியை எழுதுகிற முதிய குரு, வேறொரு பங்கில் தாம் திருமுழுக்குக் கொடுத்த பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளக்கூடும். திருமண ஓலை வாசிப்பு, கல்லறை இடம், பள்ளிச் சேர்க்கைக்குச் சிபாரிசுக் கடிதம், மின்கட்டணம், ஒலிபெருக்கி வாடகை, பங்குப் பேரவைக் கூட்டம், திருவிழாக் கணக்கு எல்லாம் இதே மேசையில்தான். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நம்பிக்கையான பொதுநிலையினர் செய்துவிட முடியும். முதிய குருவை நாற்காலியில் கட்டிவைத்துக் கணக்கு எழுத வைப்பது பெரிய வீண் என்பதே என் கருத்து.

வீடு சந்திப்பை மட்டும் அவரைப் போல வேறு யாராலும் செய்ய முடியாது. அரியமங்கலத்தின் பெயரைச் சொன்னால் திருச்சிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. சுமார் 47 ஏக்கர் பரப்பில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த மலை அது. அண்மை ஆண்டுகளில் பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. அதற்கு முன்னால் கோடையில் கிடங்கு தீப்பிடித்தால் புகை நாள்கணக்கில் சுற்றுவட்டாரத்தின் மேல் நிற்கும். ஆஸ்துமாக்காரர்களும் படுக்கையில் கிடக்கும் கிழவர்களும் அதில் பட்ட பாடு சொல்லி மாளாது. இப்படிப்பட்ட பகுதியில் நோயாளி சந்திப்பு என்பது ஒரு குருவுக்கு ஊரின் சுகாதார வரைபடத்தையே மனப்பாடமாக்கிக் கொடுக்கிறது. எந்தத் தெருவில் யாருக்கு இருமல், எந்த வீட்டில் மகன் மருந்து வாங்கித் தருவதில்லை, எந்தக் கிழவி தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்தின் பழைய பெயரைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கும். “அவஸ்தைபூசச் சாமியைக் கூப்பிடு” என்றால் முடிந்தது என்று பொருள். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தினார். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசிய முறை மாறி, நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும் என்றானது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெய்க்கும் அனுமதி வந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை மாற்றி, கடும் நோயுற்றவர்களுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும் உரியது என்று விளக்கம் தரப்பட்டது. அந்த எண்ணெயை ஆயர் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வியாழனிலோ அதையொட்டிய நாளிலோ மந்திரிக்கிறார். அன்று மறைமாவட்டக் குருக்கள் ஒன்றுகூடித் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பிக்கிறார்கள். எண்ணெய்ச் சிமிழோடு பங்குக்குத் திரும்பும் எழுபது வயதுக் குரு, தாமும் அதைப் பெற்றுக்கொள்ளத் தகுதியான வயதில் இருக்கிறார். நோயாளிக்கு முன்னால் அவருக்கு உள்ள தனி அதிகாரம் இதிலிருந்துதான் வருகிறது. இளங்குரு “பயப்படாதீங்க” என்றால் அது ஆறுதல். இதே சொல்லைத் தாமும் மாத்திரை டப்பா வைத்திருக்கும் கிழக்குரு சொன்னால் அதைக் கேட்கும் விதமே வேறு.

பாவசங்கீர்த்தனத்திலும் இதைக் காணலாம். திருநாள் காலத்தில் பல குருக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, வயதானவர் முன்னால்தான் வரிசை நீளும். அவருக்குக் காது மந்தம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை நம்பவில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டுவிட்ட மனிதரிடம் சொல்வது எளிது.

ஆகஸ்ட் கடைசியில் தஞ்சாவூர்ச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டங்களும் மாலையில் அன்பியக் கூட்டங்களும் அவருடைய நாளை இன்னும் நீட்டுகின்றன. தெருவுக்கு ஒன்றாகச் சில குடும்பங்கள் கூடி விவிலியம் வாசித்துச் செபிக்கும் அன்பியங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். குருவுக்கு உடம்பு முடியாத நாளில் நோயாளி வீட்டுக்கு முதலில் போகிறவர்களும் இவர்களே. கன்னியர்கள், வின்சென்ட் தே பால் சபையினர், மரியாயின் சேனையினர், கோயில்பிள்ளை, சமையல்காரம்மா என்று ஒரு சிறு கூட்டமே முதிய குருவைச் சுற்றி நின்று பங்கை நடத்துகிறது. இரவு எட்டரைக்குப் பிறகு இவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இட்லியும் மூடிவைத்த சாம்பாரும் ஒரு பெரிய வீட்டின் நிசப்தமும் மிஞ்சும். நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவது? உதவிக்குரு இல்லாத பங்குகளில் எழுபது வயதுக்காரரைத் தனியே இரவு தங்க விடுவது தவறு. இதைச் சொல்வதற்கு இறையியல் தேவையில்லை.

முதிய குருக்கள் அனைவரும் கனிந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. வயது சிலரை இறுக்கிவிடுகிறது. மாற்றம் பிடிக்காமல், பெண்கள் பேரவையில் பேசுவது பிடிக்காமல், பழைய குடும்பங்களின் சொல்லுக்கு மட்டும் செவிகொடுப்பவர்களும் உண்டு. இந்த மறைமாவட்டத்தில் அதன் கூர்மையான சோதனை சாதிதான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவரை அகற்றக் கோரி 2010-இல் போராட்டம் நடந்தது. இறந்தவரை எங்கே புதைப்பது, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, திருவிழா வரியை யாரிடம் வாங்குவது என்ற கேள்விகளில் குருவின் ஒரு சொல்லுக்கு எடை உண்டு. நாற்பது ஆண்டு பணி செய்த குரு சொன்னால் அந்த எடை இன்னும் கூடுதல். அந்த எடையை நியாயத்தின் பக்கம் வைக்காமல் சமாதானம் என்ற பெயரில் மௌனம் காத்தவர்களை முதுமையின் பெயரால் மன்னித்துவிடக் கூடாது.

இத்தனையும் சில ஆண்டுகளில் மாற்றல் கடிதம் வந்ததும் நின்றுபோகிறது. புதியவரிடம் சாவிகள், கணக்குப் புத்தகங்கள், பதிவேடுகள், கோயில் பொருள்களின் பட்டியல் எல்லாம் முறையாக ஒப்படைக்கப்படுகின்றன. தனியாகச் சமைத்துச் சாப்பிடும் கிழவியை யாரும் ஒப்படைப்பதில்லை. 1917 சட்டத்தின் 470-ஆவது பிரிவு பங்குக்குருவிடம் இன்னொரு ஏட்டையும் கேட்டது: வீடுவாரியாக மக்களின் ஆன்மிக நிலையைக் குறிக்கும் ஏடு. 1983 சட்டம் பெயர்சொல்லிக் கட்டாயமாக்கும் ஏடுகளில் அது இல்லை. குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் பெயரும் வயதும் அருட்சாதனத் தேதியும் இருக்கும். மற்றதெல்லாம் குருவின் தலைக்குள். மாற்றலாகும்போது அது அவரோடு போய்விடுகிறது. எழுபது வயதில் புதிய பங்கில், புதிய தெருக்களில், புதிய பெயர்களை அவர் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. நினைவு தளரும் வயது அது.

பங்குக்குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818 முதல் 1859-இல் இறக்கும்வரை ஆர்ஸ் என்ற ஒரே சிற்றூரில் இருந்தார். அவருடைய இரவுபகல் பாவசங்கீர்த்தனப் பணியைப் போற்றுகிறோம். நாற்பத்தோரு ஆண்டு ஒரே இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஒரே இடத்தில் நெடுங்காலம் இருக்கும் குருவைச் சுற்றி ஆதிக்கமும் கோஷ்டியும் வளர்வதை நம் பங்குகள் பார்த்திருக்கின்றன. மாற்றல் முறைக்கு நியாயம் உண்டு.

நம் மண்ணில் வேறொரு வழி ஏற்கெனவே நடந்திருக்கிறது. பிரான்சின் பிரித்தானி பகுதியில் 1884-இல் பிறந்த இயேசு சபைக் குரு லூயி மரி லெவே, 1908-இல் இந்தியா வந்தார். ஆண்டாவூரணியிலும் ராமநாதபுரத்திலும் பணியாற்றிவிட்டு 1943-இல் சருகணியின் பங்குத்தந்தையானார். வறட்சிச் சீமையில் மக்களைக் கொண்டு குளங்கள் வெட்டுவித்தவர் என்று அந்தப் பகுதி இன்றும் பேசுகிறது. எழுபது கடந்ததும் 1956-இல் நிர்வாகம் வேறு கைக்குப் போனது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. சாவிகளும் கணக்கும் இல்லாமல், ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்கும் செபம் கேட்டு வருகிறவர்களுக்குமாகப் பதினேழு ஆண்டு சருகணியிலேயே இருந்தார். 1973 மார்ச் 21 அன்று அங்கேயே இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு முயற்சி நடந்துவருகிறது. இறை ஊழியர் என்று திருச்சபை அவரை அழைக்கிறது. சருகணி மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பதில் நிர்வாகப் பொறுப்பு இல்லாத அந்தப் பதினேழு ஆண்டுகளின் பங்கு பெரிது.

ஆகவே எழுபத்தைந்து வரை காத்திராமல், எழுபதை நெருங்கும் குருவிடமிருந்து நிர்வாகத்தை எடுத்து இளையவரிடம் கொடுக்கலாம். முதியவர் விரும்பினால் அதே வளாகத்தில் ஒரு கீழ்த்தள அறையில் தங்கட்டும். பாவசங்கீர்த்தனமும் நோயாளி சந்திப்பும் அவருடையவையாக இருக்கட்டும். முதல் ஓராண்டு இருவரும் சேர்ந்தே வீடு வீடாகப் போக வேண்டும், அந்தந்தத் தெருவின் அன்பியப் பெண்களையும் உடன் அழைத்துக்கொண்டு. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆயரின் ஒரு நியமனக் கடிதமும், படியேற வேண்டாத ஓர் அறையும், இரவில் குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் ஓர் ஆளும் போதும்.